இது பாடமா, ஜெபமா?

"அம்மா, இது பாடமா, ஜெபமா?"

என் மகனுக்கு அப்போது எட்டு வயது. காலை ஏழரை மணி. சாப்பாட்டு மேசையில் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த கால அட்டவணையைக் காட்டித்தான் கேட்டான். அதன் முதல் வரி 'ஜெபம் 7.30 - 8.00'. அடுத்த வரி 'கணிதம் 8.00 - 8.45'. அதற்கடுத்து ஆங்கிலம். எல்லாம் ஒரே அளவு கட்டம், ஒரே அளவு எழுத்து.

"ஜெபம்தான்," என்றேன்.

"அப்புறம் ஏன் கணக்கோட சேர்த்துப் போட்டிருக்கீங்க?"

வானொலியில் 11 ஆண்டுகளாகப் பேசிப் பிழைப்பவள் நான். நேயர் என்ன கேட்டாலும் இரண்டு விநாடியில் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். அன்று எதுவும் வரவில்லை. "சரி சரி, முதல்ல வசனத்தைச் சொல்லு," என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

அவன் கேட்டதை அன்றே உட்கார்ந்து யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. சில மாதங்கள் கழித்து அதே மேசையில், அதே கேள்வி வேறு உருவத்தில் திரும்பி வந்தது.

அரை மணி நேரக் கணக்கு

எங்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை, வீட்டிலேயே படிக்கிறார்கள் என்றதும் பலரும் முதலில் கேட்பது, "மதத்துக்காகவா?" என்றுதான். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் அந்தக் கேள்வி இன்னும் சீக்கிரம் வரும்.

உண்மைக் காரணம் மிகச் சாதாரணமானது. என் நிகழ்ச்சி மாலை 4 மணி முதல் 8 மணி வரை. பிற்பகல் இரண்டரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால் இரவு 9 மணிக்குத்தான் திரும்புவேன். பிள்ளைகள் காலையில் தொடக்கப்பள்ளிக்குப் போய், மதியம் இரண்டு மணிவாக்கில் வீட்டுக்கு வந்தால், வார நாள்களில் நான் அவர்களை விழித்த முகத்தோடு பார்ப்பது ஏறக்குறைய அரை மணி நேரம். என் கணவர் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். அதைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை. வேலையை விடும் வசதியும் எங்களுக்கு இல்லை. அப்படித்தான் வீட்டுக்கல்வியைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். இங்குள்ள பள்ளிகள்மீது எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. நானே அவற்றில் படித்து வந்தவள்தான்.

சிங்கப்பூரில் நினைத்தவுடன் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. கட்டாயக் கல்விச் சட்டம் 2003ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் உள்ளது. வீட்டில் படிக்க வைக்க விரும்பும் பெற்றோர் கல்வி அமைச்சிடம் விண்ணப்பித்து விலக்கு பெறவேண்டும். என்ன பாடம், எப்படிக் கற்பிக்கப் போகிறோம் என்பதை எழுதிக் கொடுக்கவேண்டும். ஆண்டுதோறும் பிள்ளையின் முன்னேற்றம் குறித்து அறிக்கை தரவேண்டும். ஆறாம் ஆண்டு முடிவில் மற்ற மாணவர்களைப் போலவே பிஎஸ்எல்இ தேர்வு எழுதி, குறிப்பிட்ட அளவை எட்டவும் வேண்டும்.

என் ஊடகத் துறைப் பட்டச் சான்றிதழை நகலெடுத்து விண்ணப்பத்தோடு சேர்த்தபோது, என் பெரியம்மா தொலைபேசியில் கேட்டார்: "ரேடியோவில பேசத்தான படிச்ச? பிள்ளைங்க வாழ்க்கையோட விளையாடறியா?" அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பயம் எனக்கும் இருந்தது.

பயந்த மனிதர்கள் செய்வதையே நானும் செய்தேன். எல்லாவற்றுக்கும் அட்டவணை போட்டேன்.

நிகழ்ச்சி நிரல்

வானொலி நிகழ்ச்சிக்கு ஒரு நிரல் உண்டு. எத்தனை மணிக்குப் பாட்டு, எத்தனை மணிக்குச் செய்தி, எங்கே விளம்பரம், எங்கே போட்டி என்று நிமிடக் கணக்காக இருக்கும். எங்கள் காலை ஜெபத்தையும் அப்படித்தான் அமைத்தேன். 7.30 பாட்டு. 7.35 மனப்பாட வசனம். 7.42 வேத வாசிப்பு. 7.50 கேள்வி பதில். 7.55 ஜெபம். வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பலவற்றில் காலைக்கென்று ஒரு கூடை இருக்கும். பைபிள், பாட்டுப் புத்தகம், கதைப் புத்தகம் என அன்று சேர்ந்து படிக்கப்போவதை எல்லாம் அதில் போட்டு வைப்பார்கள். நானும் தேக்காவில் ஒரு பிரம்புக்கூடை வாங்கினேன்.

கூடவே ஓர் அட்டை. வசனம் சொன்னால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். சத்தமாக ஜெபித்தால் இன்னொன்று. 20 சேர்ந்தால் ஐஸ்கிரீம்.

சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வேலை செய்தது. நான்கு மாதங்களில் மகன் 40 வசனங்கள் மனப்பாடம். ஐந்து வயது மகள் 23ஆம் சங்கீதத்தின் ஆறு வசனங்களையும் மழலையில் சொல்வாள். சபையில் சொல்லவைத்தேன், எல்லாரும் கைதட்டினார்கள். அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியம்மா கண்ணில் படும்படி போட்டேன்.

ஒரு நாள் மகள் கண்ணை மூடி, கை கூப்பி, அழகாக ஜெபித்துவிட்டு இப்படி முடித்தாள்: "மீண்டும் நாளை காலை சந்திப்போம். ஆமென்."

நானும் கணவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் நிகழ்ச்சியை முடிக்கும்போது சொல்லும் வாக்கியம் அது. சிரித்து முடித்த பிறகு கணவர் மெல்லச் சொன்னார்: "நீ ரேடியோ நடத்துற மாதிரிதான் இதையும் நடத்துற. பசங்களும் அப்படித்தான ஜெபம் பண்ணுவாங்க?"

மறுநாள் கவனித்துக் கேட்டேன். மகன் வசனம் சொல்லும்போது ஏற்ற இறக்கம், நிறுத்தம், கடைசிச் சொல்லில் ஒரு சிறு இழுப்பு எல்லாமே என்னுடையவை. ஒலிவாங்கிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என் குரல். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் நிரலை மாற்றவில்லை. நன்றாக ஓடும் நிகழ்ச்சியை யார் மாற்றுவார்கள்?

23 நட்சத்திரங்கள்

என் அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான் இருந்தார்கள். அப்பா ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். நான் வேலைக்குக் கிளம்பிய பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது அவர்கள் இருவரும்தான். மகனுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது தாத்தா. சிங்கப்பூரின் பேருந்து எண்களையும் அவை போகும் வழிகளையும் அவனுக்கு ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவரே. அதற்கு ஸ்டிக்கர் எதுவும் தந்ததில்லை.

அந்த ஆண்டு அப்பாவுக்கு நுரையீரலில் கிருமித் தொற்று. மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு வாரத்தில் வந்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். இரண்டு வாரமானது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

பிள்ளைகள் தினமும் காலையில் தாத்தாவுக்காக ஜெபித்தார்கள். ஜெபிக்கும்படி நான்தான் சொன்னேன். "நீ கேட்டா கர்த்தர் கேட்பார்," என்றும் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கும் அப்படி நம்பவேண்டியிருந்தது. பழக்கப்படி மகன் ஜெபித்து முடித்ததும் ஒவ்வொரு நாளும் ஒரு நட்சத்திரத்தை அட்டையில் ஒட்டிவந்தான்.

24ஆம் நாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார்.

சுவா சூ காங் கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம் செய்தோம். மகன் அழவில்லை. பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றான். ஒரு வாரம் பாடங்களுக்கு விடுமுறை விட்டோம். அடுத்த திங்கட்கிழமை பழையபடி ஏழரைக்கு மேசையில் உட்கார்ந்தோம். பாட்டு பாடினோம். மகள் ஜெபித்தாள். அவன் முறை வந்தது. கண்ணை மூடவில்லை. எழுந்து போய் அந்த அட்டையைக் கழற்றி வந்து என் முன்னால் வைத்தான்.

"இருபத்து மூணு நாள் கேட்டேன்மா. எண்ணிப் பாருங்க."

எண்ணவேண்டிய தேவை இல்லை. வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன.

அவன் கோபித்துக் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கடையில் காசு கொடுத்தும் பொருள் கிடைக்காதவன் ரசீதைக் காட்டுவதுபோல அமைதியாகக் காட்டினான். இப்படி நினைக்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? ஜெபித்தால் நட்சத்திரம், 20 நட்சத்திரத்துக்கு ஐஸ்கிரீம். ஒரு வருடமாக நான் தினமும் காலையில் நடத்திய பாடம் அதுதான். சொன்ன வசனங்களைவிட, செய்த ஏற்பாட்டை அவன் நன்றாகப் படித்திருந்தான்.

அடுப்பு விளக்கு

அன்றிரவு அட்டவணையைக் கிழித்தேன். கிழித்துவிட்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஜெபத்தையே விட்டுவிடலாமா? கட்டாயப்படுத்தினால் அவனுக்கு வெறுத்துவிடும். விட்டுவிட்டால் இந்த வீட்டில் நம்பிக்கை என்பது நல்ல நாள்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடுவான்.

அம்மா தூங்காமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "அப்பா உன்ன என்னைக்காச்சும் ஜெபத்துக்குக் கூப்பிட்டிருக்காரா?" என்று கேட்டார்.

யோசித்தேன். சனிக்கிழமை இரவு குடும்ப ஜெபம் இருக்கும், அதற்கு எல்லாரும் வரவேண்டும். ஆனால் காலையில் அப்பா ஒருநாளும் கூப்பிட்டதில்லை. முதல் பேருந்தை எடுக்கவேண்டிய நாள்களில் மூன்றே முக்கால் மணிக்கு எழுந்துவிடுவார். வீட்டில் யாரும் விழித்துவிடக்கூடாது என்று பெரிய விளக்கைப் போடமாட்டார். அடுப்புக்கு மேலே இருக்கும் சின்ன விளக்கு மட்டும் எரியும். சீருடையோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் வாசிப்பார். பிறகு கொஞ்ச நேரம் தலை குனிந்திருப்பார். கறுப்புக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் குடிக்க எழுந்த இரவுகளில் பார்த்திருக்கிறேன். அவர் என்னைக் கவனித்ததில்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த வசனங்களில் பாதியை ஞாயிறு பள்ளியில் பரிசுக்காகப் படித்தேன். அவற்றை நான் நம்ப ஆரம்பித்ததற்குக் காரணம் அந்த அடுப்பு விளக்கு.

பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைப் பற்றி உபாகமம் 6ஆம் அதிகாரத்தில் ஒரு பகுதி வரும். வீட்டுக்கல்விக் கிறிஸ்தவர்கள் அதை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். அன்றிரவு மறுபடி எடுத்து வாசித்தேன். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது என்று நான்கு வேளைகள் அதில் சொல்லப்படுகின்றன. நான்கும் ஒரு நாளின் சாதாரண வேலைகள். அதற்கு முந்தைய வசனத்தை நான் எப்போதும் வேகமாகக் கடந்துவிடுவேன். அந்த வார்த்தைகள் முதலில் பெற்றோரின் உள்ளத்தில் இருக்கவேண்டும் என்று அது சொல்கிறது.

காலியான நாற்காலி

மறுநாள் காலை பிள்ளைகளிடம் சொன்னேன்: "இனிமே ஏழு பத்துக்கு நான் இங்க உட்கார்ந்து ஜெபம் பண்ணுவேன். வர்றவங்க வரலாம். வராதவங்க சத்தம் போடாம இருந்தாப் போதும்."

மகள் வந்தாள். அம்மா வந்தார். கணவர் வேலைக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்தார். மகன் வரவில்லை. அவன் நாற்காலி காலியாகவே இருந்தது. அறைக் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தான்.

அந்த நாள்களில் எங்கள் மேசையைக் கொண்டு நடத்தியது அம்மாதான். அவருடைய பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு வேதநாயக சாஸ்திரியார் (1774 - 1864) பாடிய கீர்த்தனைகள் தாலாட்டு மாதிரி. அம்மாவும் புத்தகம் பார்க்காமல் பாடுவார். என் நிரலில் அதற்கு இடமே இருந்ததில்லை. யூடியூபில் கிடைத்த ஆங்கிலச் சிறுவர் பாடல்களைத்தான் போட்டுவந்தேன்.

அம்மா தமிழில் ஜெபித்ததைக் கேட்டு மகள் ஒரு நாள் கேட்டாள், "பாட்டி, கடவுளை ஏன் வாட்டர்னு கூப்பிடறீங்க?"

எங்களுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. 'நீர் எங்களைக் காப்பாற்றினீர்' என்று அம்மா ஜெபித்திருக்கிறார். துணைப்பாட நூலில் 'நீர்' என்றால் தண்ணீர் என்று படித்துவைத்திருக்கிறாள். அம்மா சிரித்துவிட்டு விளக்கினார்: "நீன்னா ரொம்ப உரிமை. நீங்கன்னா மரியாதை. நீர்னா ரெண்டுக்கும் நடுவுல. மரியாதையும் இருக்கும், கிட்டக்கவும் இருக்கும்."

அறைக்குள்ளிருந்து மகன் சிரித்த சத்தம் கேட்டது. அடக்கம் முடிந்த பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் முறை.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை அவனாகவே வந்து உட்கார்ந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்று 88ஆம் சங்கீதத்தை வாசித்தேன். அவனுக்காகத் தேடி வைத்திருந்தது அது. சங்கீதங்களில் புகழ்ச்சியும் நன்றியும் இருக்கும் அளவுக்குப் புலம்பலும் இருக்கிறது. ஆனால் புலம்பலில் ஆரம்பிக்கும் சங்கீதங்கள் பெரும்பாலும் நம்பிக்கையில் முடியும். இது அப்படியில்லை. 18 வசனங்களும் இருட்டிலேயே நடந்து, இருட்டிலேயே முடிந்துவிடும். காலையில் ஜெபித்தும் பதில் வரவில்லையே என்ற குறையும் அதிலேயே இருக்கிறது.

"அவ்வளவுதானா?" என்று கேட்டான் மகன். "அப்புறம் நல்லதா எதுவும் வராதா?"

"இதுல வராது."

"இப்படியெல்லாம் பைபிள்ல எழுதலாமா?"

"எழுதியிருக்காங்களே. ஜெபம்னுதான் எழுதியிருக்காங்க."

அவன் ஒன்றும் பேசவில்லை. யாரும் பேசவில்லை.

வானொலியில் எங்களுக்கு மிகப் பெரிய பயம் மௌனம்தான். சில விநாடிகள் ஒலி நின்றுவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும், தொழில்நுட்ப அறையிலிருந்து ஆள் ஓடிவருவார். ஏதாவது பேசி, ஒரு பாட்டைப் போட்டு அதை நிரப்பிவிடவேண்டும். 11 ஆண்டுப் பழக்கம் என் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அன்று ஒரு நாள், நிரப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவன் பேசினான். கண்ணை மூடவில்லை. கை கூப்பவில்லை. மேசையைப் பார்த்தபடி சொன்னான்: "நீங்க ஏன் தாத்தாவ வீட்டுக்கு அனுப்பல? நாங்க எல்லாரும் கேட்டோம். எனக்கு உங்க மேல கோவம்."

சற்று நேரம் கழித்து, "ஆமென்," என்றான்.

'நீர்' என்று சொல்லவில்லை. 'நீங்க' என்றான். தாத்தாவிடம் பேசும்போது சொல்வானே, அதே 'நீங்க'. என் குரலின் ஏற்ற இறக்கம் எதுவும் அதில் இல்லை. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எழுந்து ரொட்டி வாட்டப் போனேன். அதற்குமேல் அங்கே உட்கார்ந்திருந்தால் அழுதிருப்பேன்.

இப்போதைய காலை

இது நடந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. வீட்டுக்கல்வி பற்றி யோசிக்கும் பெற்றோர் சிலர் எங்கள் காலைப் பழக்கத்தைப் பற்றிக் கேட்பதுண்டு. பெரிய இரகசியம் ஒன்றுமில்லை, சொல்லிவிடுகிறேன்.

7.10க்கு ஆரம்பித்தால் 7.30க்குள் முடித்துவிடுவோம். பாட அட்டவணை எட்டு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவில் பசியாறல், படுக்கை மடித்தல், பாத்திரம் கழுவுதல். ஜெபத்தையும் கணக்கையும் அடுத்தடுத்த கட்டங்களில் வைப்பதில்லை.

வாசிப்பதற்கு நீதிமொழிகள் எங்களுக்கு வசதியாக இருக்கிறது. அதில் 31 அதிகாரங்கள். இன்று தேதி 9 என்றால் 9ஆம் அதிகாரத்திலிருந்து சில வசனங்கள். தேதியைப் பார்த்துப் பக்கத்தைத் திறப்பது மகளின் பொறுப்பு. அது பிடிபடாத நாள்களில் ஒரு சங்கீதம்.

வாசித்த பிறகு கேள்வி பதில் கிடையாது. ஆங்கிலக் கல்வியாளர் சார்லட் மேசன் (1842 - 1923) பற்றி வீட்டுக்கல்விப் பெற்றோர் பலருக்குத் தெரிந்திருக்கும். சிறு பிள்ளைகளுக்குப் பாடம் குறுகியதாக இருக்கவேண்டும், கேட்டதை அவர்கள் தங்கள் சொந்த வார்த்தைகளில் திரும்பச் சொல்லவேண்டும் என்பது அவருடைய வழி. நாங்கள் அதையே செய்கிறோம். மகள் தான் கேட்டதைச் சொல்வாள். சில நாள் தப்பாகவும் சொல்வாள். சோம்பேறியை எறும்பிடம் போகச் சொல்லும் பகுதியைக் கேட்டுவிட்டு, "சோம்பேறிய எறும்பு கடிச்சிருச்சு," என்றாள். திருத்தவில்லை. திருத்தினால் அடுத்த நாள் என் வாயைப் பார்த்துத்தான் பேசுவாள்.

ஜெபிக்கும்போது தமிழோ ஆங்கிலமோ எது வருகிறதோ அது. பேசவும் செய்யலாம், சும்மாவும் இருக்கலாம். மகன் பாதி நாள் சும்மாதான் இருக்கிறான்.

இன்னொரு பழக்கத்தை மெதடிஸ்ட் சபைக்காரர்களான எங்களுக்குப் பழக்கமான ஒரு தாயிடமிருந்து எடுத்துக்கொண்டோம். ஜான் வெஸ்லி, சார்ல்ஸ் வெஸ்லி ஆகியோரின் தாய் சூசன்னா வெஸ்லி (1669 - 1742). பெற்றது 19 பிள்ளைகள். அவர்களில் ஒன்பது பேரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். மற்றவர்களுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தினார். அத்தனை வேலைக்கு நடுவிலும் வாரத்தில் ஒவ்வோர் இரவையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக்கொடுத்துத் தனித்தனியாகப் பேசுவார். ஜானுக்கு வியாழக்கிழமை.

எனக்கு இரண்டே பிள்ளைகள். செவ்வாய் மகனுக்கு, வியாழன் மகளுக்கு. அன்று ஜெபம் முடிந்ததும் அந்தப் பிள்ளையோடு மட்டும் கீழ்த்தளத்துக்கு இறங்கி, உணவங்காடி நிலையத்துக்கு நடந்து போய்ப் பரோட்டா வாங்கி வருவோம். போக ஏழு நிமிடம், வர ஏழு நிமிடம். மகன் தாத்தாவைப் பற்றிப் பேசுவதெல்லாம் அந்த நடையில்தான். மேசையில் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வராதது, பக்கத்தில் நடந்துகொண்டே போகும்போது வந்துவிடுகிறது.

வீட்டிலேயே படிப்பவர்களுக்கு மட்டும்தான் இது சாத்தியம் என்று நான் நினைக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவின் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். ஆறு மணிக்கெல்லாம் அந்த வீட்டில் விளக்கேற்றி, சாம்பிராணி வாசம் நடைபாதை முழுதும் பரவியிருக்கும். அவரின் சின்ன மகன் காலணியை மாட்டிக்கொண்டே சாமி அறைப் பக்கம் எட்டிப் பார்த்துத் திருநீறு வைத்துக்கொண்டு ஓடுவான். அவனை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அம்மா தினமும் செய்வதைப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

மகன் இப்போது பத்து வயதை முடிக்கப்போகிறான். பிஎஸ்எல்இ பயம் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. கணிதத்துக்குப் புதிய அட்டவணை ஒன்று குளிர்சாதனப் பெட்டியில் ஏறியிருக்கிறது. தாத்தா விஷயத்தில் கடவுளோடு அவன் சமாதானமாகிவிட்டானா என்று எனக்குத் தெரியாது. அம்மா என்ற முறையில் தெரிந்துகொள்ள ஆசைதான். அவன் சொல்லும்போது சொல்லட்டும்.

போன மாதம் ஒரு வெளி நிகழ்ச்சியை முடித்துவிட்டு நள்ளிரவுக்குமேல் வீடு திரும்பினேன். மறுநாள் கடிகாரம் அடித்ததே கேட்கவில்லை. பதறி எழுந்து வந்தபோது மணி 7.20. கூடத்தில் பெரிய விளக்கு எரியவில்லை. மேசையில் அம்மா காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். மகள் பைபிளில் அன்றைய தேதியைத் தேடிக்கொண்டிருந்தாள். தாத்தா உட்காரும் இடத்தில் மகன். அவனுக்குப் பின்னால் அடுப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"ஏன்டா பெரிய லைட் போடல?" என்று கேட்டேன்.

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க," என்றான்.

நாற்காலியை இழுத்துப்போட்டு நானும் உட்கார்ந்தேன்.